பந்து கையில இல்லாத நாலு பேர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நம்ம ஊர் பசங்க ஆடுற ஸ்கூல் பாஸ்கெட்பால் பத்தி ஒரு சின்ன குறிப்பு எழுதியிருந்தேன், "ஸ்கோர் போட்டவனை மட்டும் பாக்காதீங்க, பந்து கையில இல்லாத மத்த நாலு பேரையும் பாருங்க"ன்னு. அதுக்கு தென்னாப்பிரிக்கா முழுக்க, டர்பன் பக்கமிருந்தும் ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கமிருந்தும் நிறைய கேள்வி வந்திருக்கு. இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துடறேன்.

கேள்வி: என் பையனுக்கு 13 வயசு, ஸ்கூல் அண்டர்-14 டீம்ல ஆடுறான். போன மேட்ச்ல டீம் எடுத்த 26 பாயிண்ட்ல 18 இவன் போட்டது, இருந்தும் டீம் தோத்துருச்சு. அடுத்த மேட்ச்ல கோச் இவனை பாதி நேரம் பெஞ்ச்ல உக்கார வச்சுட்டாரு. வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்ல. நான் கோச்கிட்ட போய் கேக்கலாமா?
ஒரு அப்பா, சாட்ஸ்வொர்த்

பதில்: தாராளமா கேளுங்க. ஆனா மேட்ச் முடிஞ்ச சூட்டுல, பையன் பக்கத்துல நிக்கிறப்ப, மத்த அப்பா அம்மா எல்லாம் காது குடுத்துட்டு இருக்கிறப்ப வேணாம். ஒரு நாள் ரெண்டு நாள் போகட்டும், ப்ராக்டிஸுக்கு கொண்டுபோய் விடுறப்ப தனியா பாத்து "ஏன் உக்கார வச்சீங்க"ன்னு ஆரம்பிக்காம "இவன் எதை மாத்திக்கணும்னு நினைக்கிறீங்க, வீட்ல நாங்க என்ன பண்ணலாம்"னு கேளுங்க. அப்படி கேட்டா பெரும்பாலான கோச் மனசு விட்டு பேசுவாங்க, அவங்கள்ல நிறைய பேர் சம்பளம் இல்லாம தன்னோட சனிக்கிழமையை இந்த பசங்களுக்கு குடுக்குற டீச்சருங்கதான்.

இப்ப அந்த 18 பாயிண்டுக்கு வருவோம். 26ல 18 இவன்னா, மத்த எல்லாரும் சேர்ந்து எடுத்தது 8. எதிர் டீம் கோச்சுக்கு இது அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும், அடுத்த ஆட்டத்துல இவன் மேல ரெண்டு பேரை விடுவாரு, அப்ப டீம்ல ஒருத்தன் கண்டிப்பா ஃப்ரீயா நிப்பான், ஆனா அந்த ஃப்ரீயா நிக்கிறவனுக்கு மேட்ச் முழுக்க பந்தே வந்திருக்காது, அதனால வர்றப்ப கை தயாரா இருக்காது, தவற விடுவான், உடனே உங்க பையன் "பாத்தீங்களா, குடுத்தா விடுறான்"னு இன்னும் தானே தூக்குவான். இந்த சுழலுக்குள்ள போயிட்ட டீம் வெளிய வர்றது ரொம்ப கஷ்டம், அதை உடைக்கத்தான் கோச் இவனை உக்கார வச்சிருப்பாருன்னு தோணுது.

பெரிய இடத்துலயே இது நடந்திருக்கு. 1961-62 சீசன்ல வில்ட் சேம்பர்லைன் ஒரு மேட்சுக்கு சராசரி 50.4 பாயிண்ட் போட்டாரு, 1962 மார்ச் 2ஆம் தேதி ஒரே மேட்ச்ல 100, என்பிஏங்கிற அமெரிக்க தொழில்முறை லீக்ல இன்னைக்கு வரைக்கும் அந்த நூறை யாரும் தொடல. ஆனா அந்த வருஷ கோப்பை அவர் டீமுக்கு வரல. பாஸ்டன் செல்டிக்ஸ் ஏழாவது மேட்ச்ல 109-107னு ரெண்டே பாயிண்ட்ல அவங்களை தாண்டிப் போய் சாம்பியன் ஆச்சு. அந்த செல்டிக்ஸோட நடுத்தூண் பில் ரஸ்ஸல், ரீபவுண்டும் (ரிங்குல விழாம திரும்பி வர்ற பந்தை பிடிக்கிறது) டிஃபென்ஸும் (எதிர் டீமை தடுக்கிறது)தான் அவரோட வேலை, 13 சீசன்ல 11 கோப்பை. உங்க பையனுக்கு வில்ட் கதையை சொல்லுங்க, கூடவே ரஸ்ஸல் கதையையும் சொல்லுங்க. இனிமே மேட்ச் முடிஞ்சு கார்ல வர்றப்ப "எத்தனை பாயிண்ட் போட்ட"ங்கிற கேள்வியை விட்டுட்டு "யார் யாருக்கு பாஸ் குடுத்த, அவங்க என்ன பண்ணாங்க"ன்னு கேட்டுப் பாருங்க. கொஞ்ச நாள்ல அவன் ஆடுறதே மாறும், ஏன்னா பசங்க நாம எதை கேக்குறோமோ அதைத்தான் எண்ணிட்டு வருவாங்க.

கேள்வி: எனக்கு இந்த விளையாட்டு சுத்தமா தெரியாது, கிரிக்கெட் மட்டும்தான் புரியும். பொண்ணு டீம்ல சேந்துட்டா, ஒவ்வொரு மேட்சுக்கும் போறேன், எல்லாரும் கை தட்டுறப்ப நானும் தட்டுறேன். எதைத்தான் பாக்கணும்?
ஒரு அம்மா, மிட்ராண்ட்

பதில்: முதல்ல ரூல் கொஞ்சம். ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர். இன்டர்நேஷனல் ரூல்படி 10 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், ஸ்கூல் மேட்ச்ல இதை குறைச்சுக்குவாங்க. பந்து கைக்கு வந்தா 24 செகண்டுக்குள்ள ஷாட் எடுக்கணும், 8 செகண்டுக்குள்ள நடுக்கோட்டை தாண்டணும் (இந்த செகண்டை எண்ணிக் காட்டுற கடிகாரம், அதாவது ஷாட் கிளாக், இல்லாத ஸ்கூல் கோர்ட்ல இந்த 24 செகண்டை அவ்ளோ கறாரா பாக்க மாட்டாங்க). ரிங்குக்கு கீழ இருக்கிற அந்த பெயிண்ட் பெட்டிக்குள்ள அட்டாக் பண்ற டீம் ஆள் 3 செகண்டுக்கு மேல நிக்கக்கூடாது. ஒருத்தருக்கு 5 ஃபவுல் ஆச்சுன்னா வெளிய. ஒரு குவார்ட்டர்ல டீமுக்கே 4 ஃபவுல் தாண்டிட்டா அதுக்கப்புறம் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிர் டீமுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காம கோட்டுல நின்னு போடுற ஷாட். இது போதும், மிச்சம் பாக்கப் பாக்க தானா வரும்.

எதை பாக்கணும்ங்கிறதுக்கு வர்றேன், இதை எழுதத்தான் எனக்கு ஆசையே. பந்து யார் கையில இருக்கோ அவளை விட்ருங்க, எல்லார் கண்ணும் அங்கதான் இருக்கு. உங்க பொண்ணு பாஸ் குடுத்த அடுத்த ரெண்டு செகண்ட் என்ன பண்றான்னு மட்டும் பாருங்க. சின்ன பசங்க பெரும்பாலும் பாஸ் குடுத்துட்டு அப்படியே நின்னு தன்னோட பாஸை வேடிக்கை பாப்பாங்க. நல்லா ஆடுற பொண்ணு பந்தை விட்ட நொடியே ரிங்கை நோக்கி ஓடுவா, அவளை கார்டு பண்றவ (தடுக்க நிக்கிற எதிர் டீம் பொண்ணு) தலை பந்தை பாத்து திரும்பியிருக்கும் பாருங்க, அந்த அரை செகண்ட் போதும், இவ அவ முதுகுக்குப் பின்னாடி போயிருப்பா, திரும்ப பாஸ் வந்துச்சுன்னா ஈஸியான லே-அப், அதாவது ரிங்குக்குப் பக்கத்துலயே போய் போடுற ஷாட். பாஸ் வரலைனாலும் வேலை நடந்திருக்கும், ஏன்னா அவளோட ஒரு டிஃபெண்டரும் உள்ள இழுபட்டிருப்பா, வெளிய இன்னொருத்திக்கு இடம் கிடைச்சிருக்கும். அந்த ஓட்டம் ஸ்கோர் ஷீட்ல எங்கேயும் ஏறாது. அதனாலதான் அதை பாக்க ஒரு அம்மா வேணும்.

இன்னொன்னு, ஷாட் மேல போறப்ப எல்லாரும் அண்ணாந்து பந்தை பாப்பாங்க. நீங்க கீழ பாருங்க. ரிங்குக்கு கீழ யாராவது ஒருத்தி பந்தை பாக்காம திரும்பி, தன் ஆளோட நெஞ்சுல முதுகை வச்சு, முட்டியை மடக்கி, கையை விரிச்சு நின்னு அவளை உள்ள விடாம தடுத்துட்டு இருப்பா, அதுக்குப் பேர் பாக்ஸ் அவுட். பல சமயம் ரீபவுண்ட் அவளுக்கு கிடைக்காது, பக்கத்துல இருக்கிற ஃப்ரெண்டுக்கு கிடைக்கும், கைதட்டல் அந்த ஃப்ரெண்டுக்குப் போகும். நீங்க தடுத்தவளுக்கு தட்டுங்க. அவ உங்க பொண்ணா இருந்தாலும் சரி, அடுத்த வீட்டு பொண்ணா இருந்தாலும் சரி.

கோலாட்டம் பாத்து வளந்தவங்க நாம, அதுல ஒருத்தர் இடம் தவறினா அடுத்தவங்க குச்சி காத்துல போயிடும்னு நமக்கு சொல்லித் தர வேணாம். இதுவும் அப்படித்தான், குச்சியோட சத்தத்தை விட்டுட்டு காலை பாருங்க.

கேள்வி: சாக்கர் இருக்கு, கிரிக்கெட் இருக்கு, நம்ம தலைமுறை அதுலதான் வளந்துச்சு. பேரன் இந்த பாஸ்கெட்பாலை பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். தென்னாப்பிரிக்காவுல இதுக்கு எதிர்காலம் ஏதாவது இருக்கா?
ஒரு தாத்தா, டோங்காட்

பதில்: ஐயா, சாக்கர், ரக்பி, கிரிக்கெட் அளவுக்கு இங்க இது பெருசு இல்ல, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு சின்னதும் இல்ல. என்பிஏ ஆப்பிரிக்காவுக்குன்னு முதல் ஆபீஸ் திறந்தது ஜோஹன்னஸ்பர்க்லதான், 2010ல. இளம் பசங்களுக்கு என்பிஏயும் உலக பாஸ்கெட்பால் அமைப்பான ஃபிபாவும் சேர்ந்து நடத்துற "பாஸ்கெட்பால் வித்தவுட் பார்டர்ஸ்" கேம்ப் ஆப்பிரிக்காவுக்கு முதல்ல வந்ததும் ஜோஹன்னஸ்பர்க்குக்குத்தான், 2003ல. கேமரூன்லருந்து ஜோயல் எம்பீட்ங்கிற பையன் 2011ல அந்த கேம்புக்கு வந்தான், அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் ஆட ஆரம்பிச்சவன், 2023ல என்பிஏயோட எம்விபி, அதாவது அந்த சீசனோட மிகச் சிறந்த ஆட்டக்காரர். பாஸ்கல் சியாக்கம் 2012 கேம்ப், 2019ல டொரான்டோ டீமோட சாம்பியன். 2015ல எல்லிஸ் பார்க் அரீனாவுல என்பிஏ ஆளுங்க வந்து ஆடினாங்க, டீம் வேர்ல்ட் 101, டீம் ஆப்பிரிக்கா 97. ஆப்பிரிக்க நாடுகளோட கிளப்புகளுக்காக நடக்குற பாஸ்கெட்பால் ஆப்பிரிக்கா லீக் 2024ல பிரிட்டோரியாவுக்கு வந்துச்சு.

இன்னொரு விஷயம், பேரன்கிட்ட இதை சொன்னீங்கன்னா உங்களை கட்டிப் பிடிச்சுக்குவான். என்பிஏ ஆட்டக்காரர் ஸ்டீவ் நேஷ் பிறந்தது ஜோஹன்னஸ்பர்க்ல, 1974 பிப்ரவரி 7. கைக்குழந்தையா இருக்கிறப்பவே குடும்பம் கனடாவுக்கு போயிருச்சு. ரெண்டு தடவை எம்விபி, பத்தாயிரத்துக்கு மேல அசிஸ்ட், அதாவது அடுத்தவனை ஸ்கோர் போட வச்ச பாஸ். நான் பேசிட்டு இருக்கிற ஆட்டத்தை அவரை விட அழகா ஆடினவங்க ரொம்ப கம்மி.

எதிர்காலம்னு நீங்க சம்பாத்தியத்தை கேக்குறீங்கன்னா, உள்ளூர்ல இதை வச்சு வாழ்றவங்க கொஞ்சம் பேர்தான், அமெரிக்க காலேஜ் ஸ்காலர்ஷிப்பும் லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற மாதிரி. "உங்க பையனுக்கு ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றேன், முதல்ல இவ்ளோ ரேண்ட் கட்டுங்க"ன்னு யாராவது வந்தா வாசலோட அனுப்பிருங்க, இதுல ஏமாந்த குடும்பத்தை நான் பாத்திருக்கேன், மனசு கொதிக்குது. பேரன் சனிக்கிழமை காலையில தானா எந்திரிச்சு ஷூவை மாட்டிட்டு, தன்னோட வேற வேற பின்னணில இருந்து வந்த நாலு பசங்களோட, சூலு பேசுற பையன், ஆஃப்ரிகான்ஸ் பேசுற பையன், எல்லாரோடயும் சேர்ந்து ஒரே டீமா ஓடுறான். அதுவே இந்த நாட்டுல சின்ன விஷயம் இல்லைங்கிறது என்னை விட உங்களுக்கு நல்லா தெரியும்.

கேள்வி: நான் நெட்பால் ஆடிட்டு இருந்தேன், இந்த வருஷம் பாஸ்கெட்பாலுக்கு மாறிட்டேன். உயரம் 1.55 மீட்டர்தான். எல்லாரும் குட்டைன்னு சொல்றாங்க. தொடரலாமா அண்ணா?
15 வயசு மாணவி, லெனேசியா

பதில்: கண்டிப்பா தொடரும்மா. மக்ஸி போக்ஸ்னு ஒருத்தர், 1.60 மீட்டர், என்பிஏல 14 சீசன் ஆடினாரு. உன்கிட்ட இருக்கிற நெட்பால் பழக்கம் பெரிய சொத்து. நெட்பால்ல டிரிபிள் பண்ணிட்டு (பந்தை தரையில தட்டிக்கிட்டே) ஓட முடியாது, பந்தை 3 செகண்டுக்கு மேல வச்சிருக்கவும் முடியாது, அதனால உன் கண்ணு எப்பவும் ஃப்ரீயா இருக்கிற ஆளை தேடிக்கிட்டே இருக்கும், வெட்டி ஓடி இடம் பிடிக்கிறதும் உனக்கு பழக்கம். டிரிபிள் பண்றதை மட்டும் கத்துக்கிட்டு வந்த பசங்களுக்கு இந்த கண்ணு வர வருஷக்கணக்கா ஆகும்.

மாத்த வேண்டியது ரெண்டு. நெட்பால்ல பந்தை பிடிச்ச உடனே நின்னுருவ, இங்க பிடிச்சதும் ரிங்கை பாத்து திரும்பணும், போக வழி இருந்தா போகணும். அப்புறம் அங்க டிஃபென்ஸ்ல 90 சென்டிமீட்டர் தள்ளி நிக்கணும், இங்க அந்த தூரம் கிடையாது, ஒட்டி நின்னு முட்டியை மடக்கி தாழ்ந்து கார்டு பண்ணு, உயரமான பொண்ணுங்க பந்தை இடுப்புக்கு கீழ இறக்குற நேரம் பாத்து தட்டு. குட்டையா இருக்கிறவங்களுக்கு அங்கதான் வேலை.

கேள்வி: பாதி ஆட்டத்துலயே எந்த டீம் ஜெயிக்கும்னு சொல்ல முடியுமா?
ஒரு வாசகர், கேப் டவுன்

பதில்: உறுதியா முடியாது. ஆனா ஆட்டத்தை நம்பரா பிரிச்சுப் பாக்குறவங்க நாலு விஷயத்தைத்தான் பாப்பாங்க: போட்ட ஷாட்ல எவ்ளோ விழுது, பந்தை எத்தனை தடவை சும்மா தொலைக்கிறாங்க, ரீபவுண்ட் யாருக்கு, ஃப்ரீ த்ரோ லைனுக்கு யார் அதிகம் போறாங்க. பெரியவங்க ஆட்டத்துல முதலாவதுதான் ரொம்ப முக்கியம். அண்டர்-14ல நான் பாத்த வரைக்கும் ரெண்டாவதும் மூணாவதும்தான் ஆட்டத்தை முடிக்குது, ஏன்னா அந்த வயசுல ரெண்டு டீமும் ஷாட்டை தவற விடத்தான் போறாங்க, யாருக்கு தவற விட இன்னொரு வாய்ப்பு கிடைக்குதுங்கிறதுதான் கேள்வி.

கேள்வி: ஃபீனிக்ஸ்ல பசங்களுக்கு சனிக்கிழமை சும்மா சேவையா கோச்சிங் குடுக்குறேன். டீம்ல ஒருத்தன் ரொம்ப திறமைசாலி. ஸ்கோர் நெருக்கமா வந்தா போதும், மத்த நாலு பேரும் அவன்கிட்ட பந்தை குடுத்துட்டு சிலை மாதிரி நின்னுடறாங்க. நாலு மேட்ச் இப்படியே போச்சு. என்ன பண்ணலாம்?
ஒரு கோச், ஃபீனிக்ஸ்

பதில்: அண்ணே, உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன், இதுக்கு நீளமாவே எழுதுறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி சாட்ஸ்வொர்த்ல ஒரு ஓப்பன் கோர்ட்ல அண்டர்-16 மேட்ச் ஒன்னு பாத்தேன். காலையில மழை பேஞ்சு ஒரு மூலையில தண்ணி நின்னுச்சு, அப்பாமாருங்க துடைப்பத்தால தள்ளிவிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. கடைசி ஒரு நிமிஷம், நீல டீம் ஒரு பாயிண்ட் பின்னாடி, 40-41. அவங்க டீம்லயும் உங்க பையன் மாதிரி ஒருத்தன், உயரமானவன். பந்து அவன்கிட்ட வந்ததும் எதிர் டீம்ல ரெண்டு பேர் பாஞ்சாங்க, மூணாவது ஆளும் பாதி வழி வந்துட்டான். ஓரத்துல இருந்து "ஷூட், ஷூட்"னு கத்துறாங்க. இவன் தலைக்கு மேல பந்தை தூக்கி மூலையில நின்ன பையனுக்கு அடிச்சான், ரப்பர் பட்டி கட்டின கண்ணாடி போட்ட பையன், அந்த ஆட்டத்துல ஒரு பாயிண்ட்கூட போடாதவன். அவனுக்கு ஷாட் இருந்துச்சு. ஆனா அவனை நோக்கி ரிங்குக்கு கீழ இருந்த டிஃபெண்டர் கையை தூக்கிட்டு ஓடி வர்றதை பாத்துட்டு, அந்த ஆள் விட்டுட்டு வந்த இடத்துக்கு தரையில தட்டி ஒரே பவுன்ஸ் பாஸ். அங்க அவங்க டீம்ல ஒருத்தன் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தான், போர்டுல தட்டி உள்ள போட்டுட்டான். 42-41. அத்தனையும் மூணு செகண்ட்கூட இருக்காது. எனக்கு இன்னும் பிடிச்சது அதுக்கடுத்து நடந்தது: ஸ்கோர் போட்டவன் ஓடிக்கிட்டே விரலை நீட்டி கண்ணாடிக்காரனை காட்டினான், கண்ணாடிக்காரன் உயரமானவனை காட்டினான், கொண்டாட ஒருத்தனும் நிக்கல, அஞ்சு பேரும் டிஃபென்ஸுக்கு திரும்பி ஓடிட்டாங்க. ஜெயிச்சாங்க.

அந்த விரல் நீட்டுறது அவங்க கோச் பழக்கினது. வட கரோலினா யுனிவர்சிட்டி கோச் டீன் ஸ்மித் பரப்பின பழக்கம், ஸ்கோர் போட்டவன் பாஸ் குடுத்தவனை காட்டணும். பைசா செலவு இல்ல, நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

ப்ராக்டிஸுக்கு வர்றேன். ஹாஃப் கோர்ட்ல மூணு பேருக்கு மூணு பேர், டிரிபிளே கிடையாதுன்னு வச்சு ஆட விடுங்க. முதல் பத்து நிமிஷம் கூச்சலும் குழப்பமுமா இருக்கும், அப்புறம் பந்து இல்லாதவன் ஓடினாத்தான் ஆட்டமே நகரும்னு அவங்களுக்கே புரியும், உங்க வாயால சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் டிரிபிளை அனுமதிச்சுட்டு, பாஸ் வழியா வந்த பாஸ்கெட்டுக்கு ஒரு பாயிண்ட் கூடன்னு வைங்க. உங்க திறமைசாலியை ஸ்க்ரீன் வைக்கிற வேலைக்குப் போடுங்க, அதாவது தன் டீம் ஆளை கார்டு பண்றவன் வழியில அசையாம நின்னு மறிக்கிறது. எல்லாரும் அவனைத்தான் கார்டு பண்றாங்கல்ல, அவன் போய் இன்னொருத்தனுக்கு ஸ்க்ரீன் வச்சா ரெண்டு டிஃபெண்டரும் குழம்பிப் போவாங்க, அவன் பந்தையே தொடாம டீமுக்கு ரெண்டு பாயிண்ட் வரும். அதை எல்லார் முன்னாடியும் நிறுத்திப் பாராட்டுங்க. முக்கியமா, நெருக்கமான ஸ்கோரை ப்ராக்டிஸ்லயே உருவாக்குங்க, "30-30, ஒன்றரை நிமிஷம் இருக்கு"ன்னு சொல்லி, திறமைசாலியை வெளிய உக்கார வச்சு மத்தவங்களை ஆட விடுங்க. மேட்ச்ல அவங்க சிலையா நிக்கிறது பயத்துலதான், அந்த நேரத்துல முடிவெடுத்து அவங்களுக்கு பழக்கமே இல்ல.

பசங்களுக்கு சொல்ல கதை வேணும்னா ரெண்டு தர்றேன். 2014 என்பிஏ ஃபைனல்ல சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் மியாமியை 4-1னு ஜெயிச்சாங்க, ஜெயிச்ச நாலு மேட்ச்லயும் 15 பாயிண்டோ அதுக்கு மேலயோ வித்தியாசம், ஆனா அந்த சீரிஸ்ல அவங்க டீம்ல ஒருத்தர்கூட சராசரி 20 பாயிண்ட் போடல. மியாமில லெப்ரான் ஜேம்ஸ் இருந்தாரு. யூடியூப்ல போட்டுக் காட்டுங்க, பந்து யார் கையிலயும் தங்காது.

இன்னொன்னு நம்ம கண்டத்து கதை, எனக்கு இதுதான் ரொம்ப நெருக்கம். தெற்கு சூடான், நாடா பிறந்ததே 2011ல. உள்நாட்டுல ஒரு நல்ல இன்டோர் கோர்ட்கூட இல்லாத நாடு, ஆட்டக்காரங்கள்ல நிறைய பேர் அகதி குடும்பத்துல வளந்தவங்க, முன்னாள் என்பிஏ ஆட்டக்காரர் லுவோல் டெங் தன் கைக்காசைப் போட்டு டீமை கட்டினாரு. 2023ல முதல் உலகக் கோப்பை, அதுலயே ஒலிம்பிக் இடம். 2024 ஜூலைல லண்டன்ல அமெரிக்காவோட நட்பு ஆட்டம், 101-100, ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தாங்க, அதுவும் கடைசி நொடிகள்ல லெப்ரான் போட்ட லே-அப்ல. அப்புறம் பாரிஸ் ஒலிம்பிக்ல முதல் மேட்ச்லயே ப்யூர்ட்டோ ரிக்கோவை 90-79னு ஜெயிச்சாங்க. அதே ப்யூர்ட்டோ ரிக்கோ 2004 ஏதென்ஸ்ல, என்பிஏ பெரிய தலைங்க இருந்த அமெரிக்க டீமை 92-73னு அடிச்சது, அந்த அமெரிக்க டீம் சேர்ந்து பழக நேரமில்லாம ஓடி வந்த டீம், வெண்கலத்தோட திரும்புச்சு, தங்கம் அர்ஜென்டினாவுக்கு.

ஒரே ஒரு விண்ணப்பம், அண்ணே. திறமைசாலியை வில்லன் ஆக்கிடாதீங்க. மத்தவங்க நின்னுட்டா அவன் வேற என்னதான் பண்ணுவான்? அவன்கிட்ட தனியா உக்காந்து "உனக்கு ரெண்டு பேர் வந்தா சந்தோஷப்படு, எங்கயோ நம்மாளு ஒருத்தன் ஃப்ரீயா இருக்கான்னு அர்த்தம், அவனை கண்டுபிடிக்கிறதுதான் இப்ப உன் வேலை"ன்னு சொல்லுங்க.

கேள்வி: கோர்ட் ஓரத்துல நின்னு சில பேரன்ட்ஸ் கத்துற கத்துல காது வலிக்குது. ரெஃப்ரீயையும் திட்டுறாங்க. இதுக்கு முடிவே இல்லையா?
ஒரு ஆசிரியை, வெருலம்

பதில்: டீச்சர், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. நிறைய ஸ்கூல் மேட்ச்ல விசில் ஊதுறதே மேல் கிளாஸ் பசங்கதான், 16, 17 வயசு பிள்ளையை ஒரு பெரிய மனுஷன் திட்டுறது அசிங்கம், அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை விசிலைத் தொடாது, அப்புறம் மேட்ச் நடத்த ஆள் இருக்காது. "ஷூட்"னு கத்துறதும் வேணாம், பையன் காதுல கோச் ஒன்னு சொல்றாரு, அப்பா ஒன்னு சொல்றாரு, எதை கேப்பான்? "டிஃபென்ஸ்"னு வேணா எல்லாரும் சேர்ந்து கத்தலாம், அதுல யாருக்கும் குழப்பம் இல்ல. சீசன் ஆரம்பத்துலயே பேரன்ட்ஸ் மீட்டிங்ல இதை ஸ்கூல் சார்பா சொல்லிடுங்க, மேட்ச் நடுவுல சொன்னா சண்டையாத்தான் முடியும்.

கேள்வி: புரட்டாசி மாசம் வீட்ல கவிச்சி கிடையாது. பேத்தி அப்பவும் பாஸ்கெட்பால் ஆடப் போறா. பிள்ளைக்கு தெம்பு பத்துமா?
ஒரு ஆயா, சாட்ஸ்வொர்த்

பதில்: நல்லாவே பத்தும் ஆயா. பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, தயிர், வேர்க்கடலை, வீட்ல முட்டை சேப்பாங்கன்னா முட்டை, இதுல எல்லாம் உடம்புக்கு வேண்டியது இருக்கு. மேட்சுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி சோறும் பருப்பும் மிதமா குடுங்க, கிளம்புறப்ப ஒரு வாழைப்பழம். டர்பன் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தண்ணிதான் முக்கியம், பாட்டில் நிறைய குடுத்து விடுங்க. ஒருவேளை சாப்பாட்டை மொத்தமா விட்டுட்டு விரதம் இருக்கிற நாள்னா அன்னைக்கு ஆட வேணாம், கோச்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா புரிஞ்சுக்குவாங்க.

கேள்வி: எங்க தெருக்கோடில இருக்கிற கோர்ட்ல ஒரு ரிங்தான் நல்லா இருக்கு, இன்னொன்னு உடைஞ்சு தொங்குது. ஆள் சேர்த்தா ஆறு பேர்தான் தேறுவோம். எப்படி ஆடுறது? எந்த பந்து வாங்கணும்?
17 வயசு பையன், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: தம்பி, ஒரு ரிங், ஆறு பேர், இதுக்குன்னே ஒலிம்பிக் ஆட்டம் ஒன்னு இருக்கு, 3x3. ஹாஃப் கோர்ட், ஒரு பக்கத்துக்கு மூணு பேர், 10 நிமிஷம், அதுக்குள்ள யார் முதல்ல 21 எடுத்தாலும் முடிஞ்சது. ஆர்க்குக்கு (ரிங்கை சுத்தி தரையில வரைஞ்சிருக்கிற பெரிய வளைவு கோடு) உள்ள போட்டா 1, வெளிய இருந்து போட்டா 2. ஷாட் கிளாக் 12 செகண்ட், உங்கள்ல யாராவது வாய்விட்டு எண்ணுங்க. எதிர் டீம்கிட்டருந்து பந்தை பிடுங்கினா முதல்ல ஆர்க்குக்கு வெளிய கொண்டுபோயிட்டுத்தான் அட்டாக் பண்ணணும். கோர்ட்ல கோச் கிடையாது, நீங்களே பேசி முடிவெடுக்கணும். மூணே பேர்ங்கிறதால ஒருத்தன் நின்னு வேடிக்கை பாத்தா உடனே தெரிஞ்சுரும், பந்து இல்லாம ஓடிப் பழக இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

3x3க்குன்னு தனி பந்து இருக்கு, சைஸ் 6, எடை மட்டும் சைஸ் 7 அளவு, ஆனா உங்களுக்கு சாதாரண சைஸ் 7 போதும். கூட பொண்ணுங்க ஆடினா சைஸ் 6. சின்னத் தம்பிங்க வந்தா சைஸ் 5. சிமெண்ட் தரைக்கு லெதர் பந்து வாங்காதீங்க, சீக்கிரம் தேஞ்சு போயிடும், ரப்பர் பந்து பாத்து வாங்குங்க. தொங்குற ரிங்குக்கு கீழ யாரும் ஆடாதீங்க, போல்ட் கழண்டு தலையில விழுந்துச்சுன்னா ஆபத்து, வார்டு கவுன்சிலருக்கு போட்டோவோட எழுதிக் குடுங்க, ஸ்கூல்ல ஒரு டீச்சர் கையெழுத்தும் வாங்கிக்கோங்க. நல்ல ரிங்கோட உயரத்தையும் ஒரு டேப் வச்சு அளந்துக்கோங்க, தரையிலருந்து 3.05 மீட்டர் இருக்கணும், தெருக் கோர்ட்ல பெரும்பாலும் கொஞ்சம் சாஞ்சிருக்கும்.